முற்றும் வெண்டை, சிவக்காத தக்காளி, அழுகும் மாம்பழம்

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். மொட்டை மாடியில் வெண்டையும் தக்காளியும், வீட்டின் பின்புறம் ஒரு மாமரமும் உள்ளன. மூன்றும் நன்றாகவே காய்க்கின்றன. ஆனால் வெண்டை முற்றிவிடுகிறது, தக்காளி மஞ்சளாகவே நின்றுவிடுகிறது, பழுக்க வைத்த மாங்காய் காம்புப் பக்கம் கறுத்து அழுகுகிறது. இந்தக் கோடையிலாவது விளைந்ததை ருசித்து உண்ண வழி உண்டா?

பதில்: உங்கள் வளர்ப்பில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. பறிக்கும் நாளையும், பறித்தபின் காய்களைக் கையாளும் விதத்தையும் மாற்றினாலே போதும்.

வெண்டைப்பூ விரிந்த ஐந்தாறு நாட்களில் பிஞ்சு பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும்; கோடையில் இரண்டு நாள் தாமதித்தாலும் நார் ஏறிவிடும். எனவே ஒன்றுவிட்டு ஒரு நாள், வெயில் ஏறுமுன், கத்தரிக்கோலால் காம்போடு நறுக்கி எடுங்கள். இலை மறைவில் முற்றிய காய்களையும் விட்டுவைக்காதீர்கள். விதை முற்றத் தொடங்கிய செடி புதுப் பூக்களைக் குறைத்துக்கொள்ளும். விதைக்கென ஒரு செடியை மட்டும் ஒதுக்கிவிடலாம். ஒரு வேளைக் குழம்புக்குக் காணாத நான்கைந்து காய்கள்தான் ஒரு பறிப்பில் கிடைக்கின்றன என்பதற்காகக் காத்திருப்பதே பலரும் செய்யும் தவறு. பறித்தவற்றைக் கழுவாமல், ஈரமில்லாத துணிப்பையில் இட்டுக் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்து, அடுத்த பறிப்போடு சேர்த்துச் சமைக்கலாம்.

தக்காளிக்குச் செந்நிறம் தரும் லைக்கோபீன் என்னும் நிறமி, ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் சரிவர உருவாவதில்லை. மஞ்சள் நிறமிகள் மட்டும் தொடர்ந்து உருவாவதால், வெயிலில் நிற்கும் பழம் மஞ்சளிலேயே தங்கிவிடுகிறது. காயின் அடிப்பகுதியில் வெளிறிய மஞ்சளோ இளஞ்சிவப்போ தென்பட்டவுடன் பறித்து, வீட்டின் குளிர்ந்த மூலையில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி வையுங்கள். பழுக்கும் வரை குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். மணமும் சுவையும் குன்றிவிடும்.

மாங்காயின் காம்படி அழுகலுக்குக் காரணம் ஒரு வகைப் பூஞ்சணம். காம்பு ஒட்டப் பிய்ந்த இடமும் கீழே விழுந்து அடிபட்ட இடமும் அதற்கு வாசலாகின்றன. கல்லெறிந்தோ கிளையை உலுக்கியோ எடுக்காமல், வலை கட்டிய தொரட்டியால் பறித்து, காம்பை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு விட்டு நறுக்குங்கள். வடியும் பால் தோலில் பட்டால் கரும்புள்ளி விழும் என்பதால், சற்று நேரம் காம்பு கீழ்நோக்கியிருக்குமாறு வையுங்கள். காம்பைச் சுற்றியுள்ள தோள்பகுதி புடைத்திருப்பது விளைந்த காயின் அடையாளம். ஐயமிருந்தால் ஒரு வாளி நீரில் இடுங்கள்: விளைந்தது பெரும்பாலும் மூழ்கும், விளையாதது மிதக்கும். மூழ்கியவற்றை ஈரம் போகத் துடைத்து வைக்கோலில் அடுக்கி, நாள்தோறும் புரட்டிப் பார்த்து, கெட்டதை உடனே விலக்குங்கள். கார்பைடு கல்லைப் பயன்படுத்துவது உடல்நலத்துக்குக் கேடு. சட்டமும் அதைத் தடை செய்துள்ளது. மிதந்தவற்றையும் காற்றில் உதிர்ந்தவற்றையும் பழுக்க வைக்க முயலாமல், அன்றே பச்சடிக்கோ ஊறுகாய்க்கோ நறுக்கிவிடுங்கள்.