பதின்மூன்றாவது வெற்றியில் நான்காவது இன்னிங்ஸ் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நல்ல தொடக்கம் பெற்றுப் பாதியில் சரிந்த அணிகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அதில் 2023ஆம் ஆண்டின் டாம்பா பே ரேஸ் பேஸ்பால் அணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமே. இந்த ஊரில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். அந்த ஏப்ரலில் அணி தொடர்ந்து 13 ஆட்டங்களை வென்றபோது, பேஸ்பாலே பார்க்காத என் அலுவலக நண்பர்கள்கூட அதைப் பற்றிப் பேசினார்கள். டொராண்டோவில் 14ஆவது ஆட்டத்தில் தோற்றோம். அந்தத் தோல்வியில் எங்கள் பிட்சர் (பந்தெறிபவர்) ஜெஃப்ரி ஸ்பிரிங்ஸின் கையும் போனது. அதன்பின் பிட்சர்கள் ராஸ்முசன், மெக்லானஹன், இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் இளம் ஷார்ட்ஸ்டாப், கடைசியில் பிராண்டன் லோ என்று ஒவ்வொருவராக விழுந்தார்கள். அக்டோபர் 3 அன்று டெக்சாஸ் ரேஞ்சர்ஸிடம் 4-0 என்று தோற்றபோது, பாதிக்கு மேல் காலியாக இருந்த மைதானத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

காயங்கள் மட்டும் இல்லையென்றால் அந்த ஆண்டின் கோப்பை எங்களுடையது என்றே இன்றும் நம்புகிறேன். பந்தெறிய நேரக் கட்டுப்பாடு விதித்த புதிய விதிதான் கைகளை முறித்தது என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? அந்த 13 வெற்றிகளுக்கு இப்போது ஏதேனும் பொருள் உண்டா?

அன்புடன்,
கே., டாம்பா

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் ஒரு சிறு பிழை இருக்கிறது. நான் சொல்ல வருவது அந்தப் பிழைக்குள்ளேயே இருப்பதால் அதைத் திருத்துவதிலிருந்து தொடங்குகிறேன். ஸ்பிரிங்ஸ் காயமடைந்தது டொராண்டோவில் தோற்ற ஆட்டத்தில் அல்ல. அதற்கு முந்தைய நாள், ஏப்ரல் 13 அன்று, உங்கள் அணியின் சொந்த மைதானத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியுடன் ஆடிக்கொண்டிருந்தபோது, நான்காவது இன்னிங்ஸில் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) இடது முழங்கை சரியில்லை என்று அவர் களத்தைவிட்டு வெளியேறினார். அடுத்த இன்னிங்ஸிலேயே ரேஸ் அணி ஏழு ரன்களைக் குவித்து, 9-3 என வென்று, 13-0 என்ற கணக்கை எட்டியது. 1900க்குப் பின் அப்படிப் பருவத்தைத் தொடங்கிய அணிகள் அதற்கு முன் இரண்டே இரண்டு. அந்த ஆரவாரத்தில் ஒரு பிட்சர் கையைப் பிடித்தபடி உள்ளே போனது யார் நினைவிலும் தங்கவில்லை. வெற்றி ஒரு நாளிலும் காயம் மறுநாளிலும் நடந்ததாக உங்கள் நினைவு பிரித்துவைத்திருக்கிறது. அவை ஒரே ஆட்டத்தில், ஒரே மணி நேரத்துக்குள் நடந்தவை.

அந்த ஆண்டு ஸ்பிரிங்ஸ் மொத்தம் எறிந்தது 16 இன்னிங்ஸ்தான். அவற்றில் 24 பேரைப் பந்தை அடித்து ஆடவிடாமலே வெளியேற்றினார் (ஸ்டிரைக்அவுட்). ஒரே ஒரு ரன்னைக் கொடுத்தார். நெடுங்காலம் இடையில் வந்து சில பந்துகளை எறிந்துவிட்டுப் போகும் ரிலீவராக இருந்தவரை 2022இல் தொடக்கப் பிட்சராக மாற்றியது ரேஸ் அணி. 2023 ஜனவரியில் நான்கு ஆண்டுகளுக்கு 3.1 கோடி டாலர் ஒப்பந்தமும் கொடுத்தது. ஏப்ரல் முடிவதற்குள் அவருக்கு டாமி ஜான் அறுவைச் சிகிச்சை நடந்துவிட்டது.

இந்தப் பெயர் தெரியாத வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். முழங்கையின் உட்புறத்தில் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைக்கும் ஒரு நார் உண்டு. மேலிருந்து வேகமாகப் பந்தெறியும் ஒவ்வொரு முறையும் முன்கை பின்னால் வளைந்து முன்னால் பாயும் அந்தக் கணத்தில், மூட்டு வாய் திறந்துவிடாமல் பிடித்துவைப்பது அதுதான். அது அறுந்தால் 1974 வரை ஒரு பிட்சரின் தொழில் அத்துடன் முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜானுக்கு, மருத்துவர் ஃபிராங்க் ஜோப் மற்றொரு கையின் மணிக்கட்டருகிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் பொருத்தினார். ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அந்தச் சிகிச்சைக்குப் பின் வந்தவை. நம் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகு எப்படியோ, அங்கே பிட்சருக்கு முழங்கை அப்படி. இங்கே பும்ரா முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓய்விலிருந்த அதே வாரங்களில்தான் அங்கே ஸ்பிரிங்ஸின் முழங்கை போனது.

இப்போது ராஸ்முசனுக்கு வருவோம். எனக்கு இந்தப் பருவத்தின் ஆழமான பகுதி அவர் கதைதான். கல்லூரிக் காலத்திலேயே இருமுறை டாமி ஜான் சிகிச்சை செய்துகொண்டவர் அவர். 2017இல் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ரேஸ் அணியே அவரை 31ஆவது இடத்தில் தேர்ந்தெடுத்தது. மருத்துவப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் செய்யாமல் விட்டுவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2021இல், மில்வாக்கியுடன் நடந்த ஒரு பரிமாற்றத்தில் அதே கையை அதே அணி வாங்கிக்கொண்டது. 2023 மே 11 அன்று நியூயார்க்கில் யாங்கீஸ் அணிக்கு எதிராக அவர் ஏழு இன்னிங்ஸ் எறிந்து ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. மறுநாள் 60 நாள் காயப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஜூலையில் முழங்கையில் மூன்றாவது அறுவைச் சிகிச்சை. சிறந்த ஆட்டமும் முறிவும் இவரிடமும் ஒரு நாள் இடைவெளியில்தான் நிற்கின்றன.

ஷேன் மெக்லானஹனுக்கும் கல்லூரியில் ஒருமுறை இதே சிகிச்சை நடந்திருந்தது. அந்த ஆண்டு 11 வெற்றிகள், 2 தோல்விகள் என்றிருந்தவர் ஆகஸ்ட் தொடக்கத்தில் முன்கை இறுக்கத்தோடு வெளியேறினார். அந்த மாதமே இரண்டாவது சிகிச்சை. அதே அணியின் பிட்சர்களான டைலர் கிளாஸ்னோ 2021இலும் ஷேன் பாஸ் 2022இலும் அதே மேசையில் படுத்து எழுந்தவர்கள். சம்பளத்துக்குப் பெருந்தொகை செலவிட முடியாத ஓர் அணி, பிறர் தயங்கும் கைகளையும் பிறர் கவனிக்காத கைகளையும் மலிவாகப் பெற்று, ஒவ்வொரு பந்தையும் முழு விசையோடு எறியவைத்து, அவற்றிலிருந்து அதிகபட்சத்தை எடுக்கிறது. ஏப்ரலில் எதிரணிகளைத் திணறடித்த எறிதலும் பின்னர் நாரை அறுத்த எறிதலும் ஒன்றுதான். ஆகவே "காயங்கள் மட்டும் இல்லையென்றால்" என்று நீங்கள் எழுதும்போது, அந்த 13 வெற்றிகளில் சிலவற்றையும் சேர்த்தே அழிக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை ரேஸ் அணியின் கொடுமை என்று நான் சொல்லவில்லை. எல்லா அணிகளும் இதைத்தான் செய்கின்றன. இவர்கள் முன்பே, கூர்மையாகச் செய்தார்கள்.

நேரக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். களத்தில் ஓட்டக்காரர் இல்லாதபோது 15 நொடி, இருந்தால் 20 நொடி என்ற அந்த விதி 2023இல்தான் வந்தது. இரு பந்துகளுக்கு இடையே தசை ஓய்வெடுக்கும் நேரம் குறைவதால் நாரின் மீது சுமை கூடலாம் என்ற வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆட்டக்காரர் சங்கமும் அதையே சொல்லிவருகிறது. ஆனால் பல ஆண்டுகளாகத் தேய்ந்து அறும் ஒரு நார் விதி வந்த இரண்டே வாரங்களில் அறுந்ததற்கு அந்த விதியையே காரணமாக்குவது கடினம். 2024 டிசம்பரில் இந்த அணிகள் ஆடும் மேஜர் லீக்கின் நிர்வாகம் வெளியிட்ட அறிக்கை வேகத்தின் மீதும் பந்தின் சுழற்சியின் மீதும் உள்ள வேட்கையையே முதன்மையாகச் சுட்டியது. தன் விதியைத் தானே குற்றம் சாட்ட நிர்வாகம் விரும்பாதுதான் என்றாலும், இந்த முடிவு எனக்கு நியாயமாகவே படுகிறது. பிட்சர்களின் நேர்வேகப் பந்து 2008இல் சராசரியாக மணிக்குச் சுமார் 147 கிலோமீட்டராக இருந்தது. இப்போது 151ஐத் தாண்டிவிட்டது. நாருக்கோ அதே பழைய வலிமைதான்.

உங்கள் பட்டியலில் இருவரைப் பற்றி ஒரு சொல். ஷார்ட்ஸ்டாப் ஆட்டக்காரர் ஆகஸ்டில் விலக்கப்பட்டது களத்துக்கு வெளியேயான ஒரு விசாரணையால். அதைக் காயங்களோடு சேர்ப்பது சரியன்று. பிராண்டன் லோ செப்டம்பரில் தான் அடித்த பந்தே பட்டு முழங்கால் சிப்பி உடைந்தவர். துரதிர்ஷ்டம் என்ற சொல்லை நான் அவருக்கு மட்டும்தான் தருவேன்.

கோப்பையைப் பற்றியும் உங்களோடு உடன்பட முடியவில்லை. அணி ஜூலையில் 24 ஆட்டங்களில் எட்டை மட்டுமே வென்று பால்டிமோரிடம் முதலிடத்தை இழந்தபோது பிட்சர்கள் மட்டுமல்லாமல் மட்டையாளர்களும் ஓய்ந்திருந்தார்கள். அப்படியும் 99 வெற்றிகளோடு முடித்தார்கள். 101 வென்ற பால்டிமோர் அதே பிரிவில் இருந்ததுதான் அவர்களை இறுதிச் சுற்றுகளின் முதல் படியான மூன்று ஆட்ட வைல்ட் கார்ட் சுற்றுக்குத் தள்ளியது. அந்தச் சுற்றில் 4-0, 7-1 என்று இரண்டு நாளில் வெளியேறினார்கள். உங்கள் பிட்சர்கள் கிளாஸ்னோவும் எஃப்லினும் உடல்நலத்தோடுதான் பந்தெறிந்தார்கள். இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து மட்டையாளர்கள் எடுத்தது ஒரே ரன். அங்கே அறுந்த முழங்கைகள் என்ன செய்திருக்க முடியும்? இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களை வீழ்த்திய டெக்சாஸ் அணி பிட்சர் ஜேக்கப் டிகிராமுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 18.5 கோடி டாலர் கொடுத்திருந்தது. அவர் ஆறு ஆட்டங்களைத் தொடங்கிவிட்டு, ஜூனில் அதே சிகிச்சைக்குப் போனார். அந்த ஆண்டின் கோப்பையை வென்றது அந்த அணிதான்.

13 வெற்றிகளுக்குப் பொருள் உண்டா என்ற கேள்விக்கு முந்தைய இரு அணிகள் உதவக்கூடும். 1982இல் 13-0 என்று தொடங்கிய அட்லாண்டா பிரிவில் முதலிடம் பெற்று, அடுத்த சுற்றில் ஓர் ஆட்டமும் வெல்லாமல் வெளியேறியது. 1987இல் அப்படித் தொடங்கிய மில்வாக்கி மே மாதத்தில் தொடர்ந்து 12 ஆட்டங்கள் தோற்று, இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. உங்கள் அணியின் 13இலும் டெட்ராய்ட், வாஷிங்டன், அந்த ஆண்டு 112 ஆட்டங்கள் தோற்ற ஓக்லாண்ட் ஆகியவற்றை வென்றவை ஒன்பது. முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டால் அந்த வெற்றிகள் எதையும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒன்பதையும் தலா நான்கு ரன்னுக்குக் குறையாத வித்தியாசத்தில் வென்று, பத்தாவதை பாஸ்டனிடமிருந்து 1-0 என்று பறித்ததைப் பார்த்த மகிழ்ச்சிக்குக் கோப்பையின் சான்றிதழ் எதற்கு?

அக்டோபர் 3 அன்று உங்களோடு அந்த மைதானத்தில் இருந்தவர்கள் 19,704 பேர். பெருந்தொற்று ஆண்டை விட்டுவிட்டால், 1919க்குப் பின் ஓர் இறுதிச் சுற்று ஆட்டத்துக்கு வந்த மிகக் குறைந்த கூட்டம் அது. நானாக இருந்தால், எதிரணியின் கோப்பையை மறந்துவிட்டு, வேலைநாள் பிற்பகலில் விடுப்பெடுத்து வந்த அந்த 19,704 பேரில் ஒருவன் நான் என்பதைத்தான் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். ராஸ்முசன் 2024 ஆகஸ்டில் திரும்பி வந்து, 2025இல் ஆல்-ஸ்டார் அணியில் இடம்பெற்றார். அவர் எறியும் நாளில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.