பால்ரஸ் குண்டும் துத்தநாகச் செடியும்

அன்புள்ள ஐயா,

விளக்கெண்ணெயில் கிடக்கும் பால்ரஸ் குண்டுகள், உயர் மின்னழுத்தம் கொடுத்ததும் கொடிபோலக் கோத்துக்கொள்ளும் காணொளியைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அதையே செய்ய வேண்டுமாம். பழைய டிவி டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, செய்யலாமா? குண்டுக்கு வழி சொல்வது யார் என்றும் கேட்கிறார்கள்.

- ஓர் ஆசிரியை, ஏற்காடு

அன்புள்ள ஆசிரியைக்கு,

டிவி டிரான்ஸ்பார்மரைத் தொடாதீர்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரட் ஹ்யூப்ளர் குழு செய்து 2005இல் வெளியிட்ட அந்தச் சோதனைக்கு 20 கிலோவோல்ட் வேண்டும். டிவியிலிருந்து பிடுங்கிய சுற்றில் சுவிட்சை அணைத்த பிறகும் மின்னூட்டம் தங்கி நிற்கும். போதாததற்கு ஏற்காட்டு மூடுபனி: ஈரம் படிந்த பாத்திர விளிம்பு வழியே மின்சாரம் கசிந்தால் குண்டு அசையாது. ஏத்தாப்பூர் பக்கம் ஆமணக்குக்குப் பஞ்சமில்லை, ஆனால் எண்ணெய் மட்டும் போதாதே.

ஆறு வோல்ட்டில், நான்கு டார்ச் செல்களைத் தொடராக இணைத்து, இதற்கு நெருங்கிய, துத்தநாகத்தைச் செடிபோல வளர்க்கும் சோதனை ஒன்றைச் செய்யலாம். உரக்கடையில் 21 சதவீத ஜிங்க் சல்பேட் (துத்தநாக உப்பு) வாங்கி, 3 கிராமை 100 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து வடிகட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் கரைத்தால் வெள்ளையாகத் திரியும். தீர்ந்துபோன சாதா டார்ச் செல்லின் துத்தநாக உறையை இரண்டு பட்டைகளாக வெட்டுங்கள் (அல்கலைன் செல் வேண்டாம், உள்ளே இருப்பது காரம்). இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே, 2 செ.மீ. இடைவெளியில் பட்டைகளை வைத்து, கிளிப் போட்டு, ஓரத்தில் சொட்டு விடுங்கள். கரைசல் தானே உள்ளே ஏறும். சுற்றில் 100 ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். வளரும் கிளை மற்றப் பட்டையைத் தொட்டதும் ஷார்ட் ஆகும்.

செல்லின் மைனஸ் முனையோடு இணைத்த பட்டையில் முதலில் ரோமம் போல, பிறகு செடியாக வளரும். ஏதோ ஒரு மேடு தற்செயலாகச் சற்று நீண்டிருக்கும். கரைசலில் வருகிற அயனி (மின்னூட்டம் கொண்ட துத்தநாக அணு) அதில்தான் முதலில் ஒட்டும், அது மேலும் நீளும், பக்கத்துப் பள்ளம் பட்டினி கிடக்கும். வழி சொல்ல ஆளே வேண்டாம். இத்தகைய துத்தநாக இலைகளின் பின்னப் பரிமாணம் (கோட்டுக்கு 1, நிரம்பிய தளத்துக்கு 2 என்றால், கிளைகள் இடத்தை எவ்வளவு நிரப்புகின்றன என்ற அளவு) சுமார் 1.66 என்று மட்சுஷிதா குழு 1984இல் அளந்தது. குமிழி வந்து கிளையை உடைத்தால் ஒரு செல்லைக் கழற்றுங்கள்.

ஆனால் பிள்ளைகளிடம் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். துத்தநாகக் கிளை உடைந்தால் உடைந்ததுதான். அந்தத் துண்டு திரும்பி வந்து ஒட்டாது. குண்டுக் கொடியைக் கலைத்தால், மின்னழுத்தம் இருக்கும்வரை மறுபடி கோத்துக்கொள்ளும். தன்னொழுங்கு (யாரும் நடத்தாமல் தானே ஒழுங்காவது) என்ற பேரை நான் குண்டுக்குத்தான் கொடுப்பேன். செடிக்கு வளர்ச்சி என்ற பேரே போதும்.

அன்புடன்.