‘நான் யார் என்று நீங்களாவது சொல்லுங்கள்’

கேள்வி: எனக்கு 24 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சில மாதங்களாக, ‘நான் தற்பாலீர்ப்பு உள்ளவனோ’ என்ற சந்தேகம் விடாமல் வருகிறது. பஸ்ஸில் ஆண்களைப் பார்க்கும்போது உடம்பில் ஏதாவது உணர்ச்சி எழுகிறதா என்று கவனிக்கிறேன். இணையத்தில் சோதனைகள் எழுதிப் பார்க்கிறேன். இப்போது ‘உள்ளுக்குள் நான் பெண்ணோ’ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. தினமும் அக்காவிடம் கேட்கிறேன். அவர் ‘இல்லை’ என்றால் சிறிது நேரம் நிம்மதி. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். எனக்கு உறுதியான பதில் வேண்டும்.

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்ட அந்த ஒன்றை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. ‘இல்லை’ என்று எழுதினால், இந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் படிப்பீர்கள். அதன்பின், ‘எல்லாவற்றையும் நான் எழுதவில்லையே, தெரிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாரோ’ என்று தோன்றும். அக்காவின் பதில் எத்தனை நாழிகை தாங்கியது என்பது உங்களுக்கே தெரியும்.

நீங்கள் விவரிப்பது எண்ணச் சுழற்சி நோய் போலத் தெரிகிறது. மருத்துவர்கள் ஓசிடி என்பார்கள். கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது மட்டும்தான் அந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் மனத்துக்குள்ளேயே ஓயாமல் சரிபார்ப்பதும் அதில் சேரும். நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டியவர் மனநல மருத்துவர்.

வேண்டாத எண்ணங்கள் வராத மனிதர் அரிது. உளவியலாளர்களான ஸ்டான்லி ராக்மேனும் இலங்கையரான பத்மல் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், நோய் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கும் இதே வகை எண்ணங்கள் வருவதைக் கண்டார்கள். அவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் வேலையைப் பார்க்கிறார்கள். நீங்கள் உட்கார்ந்து விசாரணை நடத்துகிறீர்கள். உடம்பின் ஓரிடத்தையே கூர்ந்து கவனித்தால் அங்கே ஏதோ ஓர் உணர்வு தட்டுப்படத்தான் செய்யும்; பயம் அதை இன்னும் பெரிதாக்கும். அதை ஆசைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆறிவிட்டதா என்று புண்ணின் பொருக்கை உரித்து உரித்துப் பார்த்தால் அது எப்படி ஆறும்?

தற்பாலீர்ப்பு நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருப்பதும் நோய் இல்லை. தற்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கே எண்ணச் சுழற்சி வந்து, ‘நான் உண்மையில் அப்படி இல்லையோ’ என்று வதைபடுவதும் உண்டு. ஆகவே உங்களை வாட்டுவது நூற்றுக்கு நூறு உறுதி வேண்டும் என்ற தவிப்புதான். ‘மாற்றித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அத்தகைய முயற்சிகளைத் தடுக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டிருக்கிறது.

சிகிச்சையில் உங்களுக்கு அச்சம் தரும் எண்ணத்தையே எதிர்கொள்ளப் பழக்குவார்கள். ‘நான் அப்படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்று எழுதச் சொல்லி, உடனே சரிபார்க்காமல் இருக்கப் பயிற்சி தருவார்கள். தொடக்கத்தில் மிகவும் கஷ்டமாக இருக்கும், பதற்றம் ஏறும், போகப் போகச் சரிபார்க்காமலே அதைத் தாங்கும் வலு வரும். செர்ட்ரலின், ஃப்ளூக்ஸெடின் போன்ற மாத்திரைகளும் உதவும். பலன் முழுதாகத் தெரிய 8 முதல் 12 வாரங்கள்கூட ஆகலாம், நடுவில் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அக்காவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். நீங்கள் மறுபடி கேட்டால், ‘இதற்கு நான் பதில் சொல்வது உன் நோய்க்குத் தீனி போடுவதாகும், வா, சாப்பிடலாம்’ என்று அவர் சொல்லட்டும். அன்பு இருப்பவர்களுக்குத்தான் இப்படிச் சொல்வது கடினம்.

கல்யாணப் பேச்சைச் சிகிச்சை ஓரளவு முன்னேறும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். உங்கள் சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பயன்படுத்தக் கூடாது.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். மருத்துவர் முன் வாய் வராது என்று பயந்தால், எனக்கு எழுதிய கடிதத்தின் நகலையே அவரிடம் நீட்டிவிடுங்கள். இப்படிப்பட்ட கடிதத்தை அவர் முதல்முறையாகப் படிக்க மாட்டார்.