துரத்திச் சென்று சுட்ட வழக்கு: யார் விசாரிக்க வேண்டும்?

ஐயா, வணக்கம். சென்னையில் காவலர்கள் துரத்தியபோது உங்கள் தம்பி முழங்காலில் சுடப்பட்டதாகவும், சுட்டவர்களின் காவல் நிலையமே அதை விசாரிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். காவல்துறை மோதல்கள் (என்கவுன்ட்டர்) குறித்து 2014-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த 16 நெறிமுறைகள் கொடுங்காய வழக்குகளுக்கும் இயன்றவரை பொருந்தும். அவற்றின்படி சிபிசிஐடியோ வேறொரு காவல் நிலையத்தின் குழுவோ, மோதலில் ஈடுபட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியாவது உயர்ந்த அதிகாரியின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும். காயம்பட்டவரின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவரோ மருத்துவரோ, அவர் பேசும் நிலையில் இருக்கிறார் என்ற சான்றுடன் பதிவு செய்ய வேண்டும். இதை முதலில் வற்புறுத்துங்கள். ‘கத்தியால் தாக்க வந்தார்’ என்ற வரி காவல்துறை அறிக்கைகளில் பழகிப்போன ஒன்றுதான் என்பதால், குண்டு முழங்காலின் முன்புறம் நுழைந்ததா பின்புறமா என்பது மருத்துவமனை தரும் காயச் சான்றிதழில் இருக்கிறதா என்று பாருங்கள்; எதிரே வந்தவரைச் சுட்டார்களா, ஓடியவரைச் சுட்டார்களா என்பதற்கு அது ஒரு தடயம். சுட்ட துப்பாக்கியும் தடயவியல் சோதனைக்குப் போயிருக்க வேண்டும். இவை நடக்கவில்லையென்றால், அமர்வு நீதிபதியிடம் குடும்பத்தினர் நேரடியாகவே முறையிடலாம்.