சிறு விமானத்துக்குப் பொறுப்புக் காப்புறுதி: வாசகர் கேள்விகள்

நண்பர்கள் இருவரோடு சேர்ந்து நான்கு இருக்கைச் சிறு விமானம் ஒன்று, செஸ்னா 172, வாங்கியிருக்கிறேன். பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் நாம் கொடுக்க வேண்டியதை ஏற்கும் பொறுப்புக் காப்புறுதியை, 10 இலட்சம் டொலருக்கு, இரண்டு கம்பனிகள் தருகின்றன. ஒன்றின் பிரீமியம் நன்றாகக் குறைவு. அதையே எடுக்கலாமா? (வெள்ளவத்தை வாசகர்)

முதலில் அந்த 10 இலட்சத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மலிவான பொலிசியில் பெரும்பாலும் "ஒரு பயணிக்கு 1 இலட்சம்" என்றொரு உள்வரம்பு இருக்கும். உங்களோடு வந்த மூவரும் காயப்பட்டால் கம்பனி தரக்கூடியது அவர்களுக்கு மொத்தம் 3 இலட்சம்தான். மீதி 7 இலட்சம் தரையில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொத்துக்கும் மட்டுமே. "ஒரு பயணிக்கு" என்பதற்குப் பதிலாக "ஒரு ஆளுக்கு" என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம்: தரையில் நின்றவருக்கும் அதே 1 இலட்சம்தான். உள்வரம்பு இல்லாத ஒற்றை வரம்புப் பொலிசியில் முழுத்தொகையும் தேவைப்படும் பக்கம் போகும். பிரீமியம் கூடினாலும் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

தொகை போதுமா என்று பார்க்க ஐரோப்பிய ஒன்றியத்தின் 785/2004 ஒழுங்குவிதியை ஒரு அளவுகோலாக வைக்கலாம். அது இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உச்சப் புறப்பாட்டு எடை 1,000 கிலோவுக்கு மேல் 2,700 கிலோவுக்குள் உள்ள விமானத்துக்கு மூன்றாம் தரப்புக்கு (பயணிகள் அல்லாத வெளியாருக்கு) மட்டும் குறைந்தது 30 இலட்சம் எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வேண்டும் என்கிறது. ஒரு எஸ்டிஆர் 1.3 டொலருக்கு மேல். பெரும்பாலான 172கள் இந்த எடைக்குள்தான் வருகின்றன. இரத்மலானை ஓடுபாதைக்கு அப்பால் காலி வீதி, ரயில் பாதை, நெருக்கமாக வீடுகள். அதை நினைத்தால் 10 இலட்சம் டொலர் எனக்குக் குறைவாகவே படுகிறது.

பங்காளிகள் மூவரின் பெயரும் பொலிசியில் இருக்கட்டும். பங்காளி ஒருவர் பயணியாக உட்கார்ந்து வந்து காயப்பட்டால் அவருக்கு இழப்பீடு உண்டா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு நண்பர்களைப் பலாலிக்குக் கூட்டிப் போகிறேன். எரிபொருள் காசைப் பங்குபோட்டுத் தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா? (கொட்டாஞ்சேனை)

கம்பனியிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். லண்டன் காப்புறுதிச் சந்தையின் ஏவிஎன் 1சி என்ற விமான மாதிரிப் பொலிசியில் "உல்லாசம்" என்ற வகைக்குள் வாடகை, கூலிப் பறப்பு வராது; பங்குக் காசையும் கம்பனி கூலி என்று சொல்லலாம். உங்கள் சொந்தத் தொழில் அலுவலும் வராது. அதே பயணத்தில் யாழ்ப்பாணத்துக் கடைக் கணக்கைப் பார்க்கும் எண்ணம் இருந்தால் "தொழில்" வகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருமகனிடம் விமானி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. அவர் ஓட்டலாமா? (தெஹிவளை)

பொலிசியில் அவர் பெயர் இருக்க வேண்டும், அல்லது அதில் சொன்ன பறப்பு மணித்தியாலங்களும் தகுதிகளும் அவரிடம் இருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழின் திகதியையும் பாருங்கள். இவை பொருந்தாவிட்டால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கம்பனி மறுக்கலாம். அப்போது வழக்கு உங்கள் வீடு, வளவு வரை வரும்.

திருச்சிக்கும் பறக்க ஆசை.

பொலிசியின் புவியியல் எல்லைக்குள் இந்தியா இருக்கிறதா என்று பாருங்கள். யுத்தம், விமானக் கடத்தல் போன்றவற்றை ஏவிஎன் 48பி என்ற பொலிசிப் பிரிவு விலக்கிவிடும்; பொறுப்புக்காக அவற்றில் பெரும்பகுதியைத் திரும்பச் சேர்க்கும் ஏவிஎன் 52 வகைப் பிரிவையும் கேளுங்கள்.

அவசரமாக ஒரு தென்னந்தோட்டத்தில் இறங்கி, ஒருவரின் கூரை உடைந்தால் உடனே என்ன செய்வது?

காயப்பட்டவரைக் கவனியுங்கள். நமது பழக்கத்தில் வாயில் முதலில் வருவது "பிழை என்னுடையதுதான், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது. மனிதத்தன்மையோடு சொல்வதுதான், ஆனால் கம்பனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதைப் பொலிசி நிபந்தனை தடுக்கிறது. கடைசியில் அந்தக் கூரைக்காரருக்கே காசு கிடைக்காமல் போகலாம். ஆறுதல் சொல்லுங்கள், உதவுங்கள், பொலிசி இருப்பதைத் தெரிவியுங்கள். பிறகு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கும் உங்கள் காப்புறுதித் தரகருக்கும் அன்றைக்கே அறிவியுங்கள்.