பேன்ட் நீளம் குறைக்க எத்தனை படிகள்? – வாசகர் கேள்வி பதில்

கல்லூரி மாணவர்களுக்குப் புதிய சேவைகளை உருவாக்கக் கற்றுக்கொடுப்பது பற்றி வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: இந்த செமஸ்டரில் ‘சேவைப் புத்தாக்கம்’ என்று ஒரு பேப்பர் எடுக்கிறேன். வகுப்பில் 60 பேர். முதல் நாளே எல்லாக் குழுவும் ஆளுக்கு ஒரு ஆப் யோசனையோடு வந்து நிற்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– பி.பி.ஏ. ஆசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஆப்பைத் தள்ளிப்போடுவதிலிருந்து. 15 வாரத்தில் முதல் 6 வாரம் அந்தச் சொல்லையே வகுப்பில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். எடுத்த குழு மற்றவர்களுக்கு டீ வாங்கித் தரட்டும். ஆப் என்பது சேவைக்குள் நுழைய ஒரு வாசல், அவ்வளவுதான். உள்ளே வேலை செய்வது யார், எவ்வளவு நேரம் பிடிக்கும், தப்பு நடந்தால் யார் தலையில் விழும் என்பதெல்லாம் அதில் தெரியாது. சோப்பு விற்காவிட்டால் அலமாரியில் இருக்கும், நாளைக்கு விற்கலாம். தையல்காரர் சும்மா உட்கார்ந்த ஒரு மணி நேரம் போனது போனதுதான். இந்த வித்தியாசம் பிடிபடாமல் யோசனைக்குப் போனால் எல்லாம் ஸ்க்ரீன் படமாகவே வரும்.

60 பேரை 12 குழுவாகப் பிரியுங்கள். கல்லூரியிலிருந்து 15 நிமிட நடையில், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் சேவை ஒன்றைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள்: எம்.சி. ரோட்டு ஆல்டரேஷன் தையல்காரர், ரேஷன் கடை, பஞ்சர் கடை, ஜெராக்ஸ் கடை, ஷேர் ஆட்டோ நிற்கும் முனை. ஒரே இடத்துக்கு மூன்று முறை போக வேண்டும். வாரநாள் காலை, வாரநாள் மாலை, ஞாயிறு. ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம். நோட்டின் இடப்பக்கம் மணியும் கண்ணால் கண்டதும், வலப்பக்கம் தனக்குத் தோன்றியது. ‘கடைக்காரர் எரிச்சலானார்’ என்பது வலப்பக்கம். ‘4.10-க்கு பில்லைத் திருப்பிக் கொடுத்தார், தலை நிமிரவில்லை’ என்பது இடப்பக்கம். முதல் வாரம் முக்கால்வாசிப் பேர் இரண்டையும் கலந்துதான் எழுதுவார்கள். திருத்தித் திருப்பிக் கொடுங்கள். இரண்டாவது நோட்டில் சரியாகும்.

கேள்வி: சர்வீஸ் ப்ளூபிரின்ட் என்று சிலபஸில் இருக்கிறது. புத்தகத்துப் படத்தைக் காட்டினால் மாணவர்களுக்கு ஏறவில்லை. எப்படி நடத்துவது?
– உதவிப் பேராசிரியர், வியாசர்பாடி

பதில்: சர்வீஸ் ப்ளூபிரின்ட் என்பது ஒரு சேவையின் ஒவ்வொரு படியையும் வரிசையாக வரைந்து காட்டும் படம். வங்கித் துறையிலிருந்து வந்த லின் ஷோஸ்டாக் 1984-இல் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’ கட்டுரையில் இதை விளக்க எடுத்துக்கொண்டது தெருமுனையில் ஷூ பாலிஷ் போடும் வேலையை. வேறு நிறப் பாலிஷைத் தடவிவிடுவதுகூட அவர் படத்தில் பிசகும் இடமாகக் குறிக்கப்பட்டிருக்கும். சின்ன வேலையைத்தான் முழுதாக வரைய முடியும் என்பதால், நீங்களும் விமான நிலையத்தையும் வங்கியையும் விட்டுவிட்டு, பேன்ட் நீளம் குறைப்பதை எடுங்கள்.

இரண்டு சார்ட் பேப்பரைப் பக்கவாட்டில் ஒட்டுங்கள். மேல் வரிசையில் வாடிக்கையாளர் செய்வது. அதன்கீழ் அவர் கண்முன் தையல்காரர் செய்வது. அதற்குக் கீழே தடிமனாக ஒரு கோடு, அதுதான் பார்வைக்கோடு. கோட்டுக்குக் கீழே, வாடிக்கையாளர் பார்க்காத வேலை. கடைசி வரிசையில் அதற்கு வேண்டியவை: நூல், கரன்ட், இஸ்திரி, பிட் துணி. ஒரு செயலுக்கு ஒரு ஒட்டுத்தாள், வரிசைக்கு ஒரு நிறம். பேனாவால் நேரடியாக எழுதவிட்டால் திருத்த மனசு வராது, தப்பான படத்தையே கட்டிக்கொண்டு அழுவார்கள்.

முதலில் கேட்டால் ‘கொடுப்பார், தைப்பார், வாங்குவார்’ என்று மூன்று படி சொல்வார்கள். கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் பதினைந்தைத் தாண்டும். போட்டுக் காட்டுவது, மடித்து சாக்பீஸால் கோடு, குண்டூசி, நம்பர் எழுதிய பிட்டைக் குத்துவது, மறு துண்டை வாடிக்கையாளரிடம் கொடுப்பது, நூல் நிறம் தேடுவது, வெட்டுவது, மடித்து அடிப்பது, இஸ்திரி, நம்பர் பார்த்து எடுத்துக் கொடுப்பது என்று நீளும். ஒவ்வொன்றின் கீழும் நிமிடத்தை எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து சிவப்புத் தாள், பிசகும் இடங்களுக்கு. இங்கேதான் வகுப்பு சூடு பிடிக்கும். செருப்போடு நிற்கவைத்து அளந்த பேன்ட், ஷூ போட்டதும் கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும். துவைக்காத காட்டன் துணியைச் சரியான நீளத்துக்கு வெட்டினால் முதல் சலவையில் சுருங்கும். ஒரு காலை மட்டும் அளந்து இரண்டையும் வெட்டினால், இடுப்பு சாய்ந்தவருக்கு ஒரு பக்கம் இறங்கும். இந்த மூன்று புகாரும் வாங்கிப்போன பிறகுதான் கிளம்பும். ஆனால் தப்பு நடந்தது கோட்டுக்கு மேலே, அளக்கும் அந்த ஒரு நிமிடத்தில். ‘எந்தச் செருப்பு, ஷூவோடு போடுவீங்க?’ என்று ஒரே ஒரு கேள்வியை அந்தப் படியில் சேர்ப்பதும் புத்தாக்கம்தான். பத்து பைசா செலவில்லை.

கேள்வி: மக்களிடம் எங்கள் யோசனையைச் சொன்னால் எல்லோரும் ‘சூப்பர்ப்பா’ என்கிறார்கள். ஆனால் ஆரம்பித்தால் ஒருவரும் வரவில்லை. ஏன்?
– மூன்றாம் ஆண்டு மாணவி, கொருக்குப்பேட்டை

பதில்: உங்கள் முகத்துக்காகச் சொன்னது அது. கல்லூரிப் பிள்ளை வந்து கேட்கும்போது யாருக்கு ‘வேணாம்’ என்று சொல்ல வாய் வரும்? யோசனையைச் சொல்லவே சொல்லாதீர்கள். நடந்ததைக் கேளுங்கள்: ‘அக்கா, போன வாட்டி பேன்ட் குறைக்கக் குடுத்தது எப்போ? எவ்வளவு வாங்கினாங்க? எத்தனை நடை போனீங்க? சரியா வரலைன்னதும் என்ன பண்ணீங்க?’ கடைசிக் கேள்விக்கு ‘ஒண்ணும் பண்ணல, அப்படியே போட்டுக்கிட்டேன்’ என்று பதில் வந்தால், அவருக்கு அது காசு கொடுத்துத் தீர்க்கும் அளவுக்குத் தொல்லை இல்லை. ‘வேற கடைக்குப் போயி மறுபடியும் காசு குடுத்தேன்’ என்றால் அங்கே உட்கார்ந்து பேசுங்கள். ‘இப்படி ஒரு வசதி இருந்தா பயன்படுத்துவீங்களா?’ என்ற கேள்வி உங்கள் தாளில் இருந்தால் இன்றே அடித்துவிடுங்கள்.

கேள்வி: காத்திருக்கும் நேரத்தை மாணவர்கள் எப்படிக் கணக்கிடுவது? எல்லோர் கையிலும் ஸ்டாப்வாட்ச் கொடுக்க வேண்டுமா?
– பொருளியல் ஆசிரியர், தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி போதும். ரேஷன் கடை வரிசையில் 18 பேர்; 15 நிமிடத்தில் 6 பேர் வாங்கிப் போகிறார்கள், அதாவது மணிக்கு 24 பேர். 18-ஐ 24-ஆல் வகுத்தால், ஒருவர் சராசரியாகக் காத்திருக்கும் நேரம் முக்கால் மணி. வருகிறவர்களும் போகிறவர்களும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நேரத்தில் எண்ண வேண்டும். கடை திறந்த முதல் பத்து நிமிடத்தில் எண்ணினால் தப்பாக வரும். கைரேகை விழாமல் ஒருவர் நின்றால் மொத்த வரிசையும் நிற்பதையும் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு கணக்கு மாணவர்களை அசரவைக்கும். ஒரே தையல்காரர், ஆளுக்குச் சராசரி 10 நிமிடம், அதாவது இடைவிடாமல் செய்தால் மணிக்கு 6 பேர். வாடிக்கையாளர் வருவதும் வேலை பிடிக்கும் நேரமும் ஒழுங்கில்லாமல் இருந்தால், மணிக்கு 3 பேர் வரும்போது வரிசையில் சராசரியாக 10 நிமிடம் நிற்க வேண்டும். 4.8 பேர் என்றால் 40 நிமிடம். 5.4 பேர் என்றால் 90. ‘ஆள் சும்மா இருக்கவே கூடாது’ என்று சேவையை வடிவமைக்கும் குழு இந்த 90-ஐ ஒருமுறை பார்க்க வேண்டும்.

கேள்வி: கையில் பணம் இல்லாமல் ஒரு சேவையைச் சோதித்துப் பார்க்க முடியுமா?
– முதுகலை மாணவர், திருவொற்றியூர்

பதில்: முடியும். மூன்று கட்டம். முதலில் வகுப்பிலேயே நடித்துப் பாருங்கள்: மேசை கடை, ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் வேண்டுமென்றே சிக்கல் செய்கிறவர் (டோக்கனைத் தொலைப்பார், சில்லறை இல்லை என்பார், பாதியில் மனசு மாறுவார்). இருபது நிமிடத்தில் படத்தில் விட்டுப்போன படிகள் வெளியே வரும். இரண்டாவது, திரைக்குப் பின்னால் ஆள். ஆப் எதுவும் செய்யாமல் ஒரு வாட்ஸ்ஆப் எண், ஒரு நோட்டு. ஆப் தானாகச் செய்யும் என்று நினைத்ததை ஒரு மாணவர் கையால் செய்வார். ஏழு நாள், 20 வாடிக்கையாளருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் கற்பதை விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருப்பீர்கள். மூன்றாவது, காசு வாங்குங்கள். இலவசமாகக் கொடுத்துப் பார்த்த சோதனையிலிருந்து ஒன்றும் தெரியாது.

வீட்டில் வந்து பேன்ட் வாங்கிப் போய்த் தைத்துத் தரும் சேவை என்று வையுங்கள். தையல் கூலி போக உங்களுக்கு 20 ரூபாய். ஒரு பேன்ட்டுக்குப் போய்வர அரை மணி நேரம் ஆனால் மணிக்கு 40 ரூபாய். பெட்ரோல் 15 போக மிச்சம் 25. இதை நம்பி யாரும் வண்டி ஓட்ட மாட்டார்கள். அதையே ‘உங்கள் தெருவுக்குச் செவ்வாய், வெள்ளி மாலை 6 மணிக்கு மட்டும்’ என்று மாற்றி, ஒரு நடையில் 6 பேன்ட் எடுத்தால், 50 நிமிடத்தில் 120 ரூபாய். பெட்ரோல் 20 போக 100. வாங்கிப் போவதோடு முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் ஒரு நடை உண்டு. செவ்வாய்க்கிழமை எடுத்ததை வெள்ளிக்கிழமை அடுத்த மூட்டை எடுக்கப் போகும்போதே கொடுத்தால் அந்தச் செலவும் அடங்கும். ஆறு பேன்ட் சேருமா என்பதைத்தான் அந்த ஏழு நாளில் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் குழு காசிமேடு மீன் ஏலத்தை எடுக்க விரும்புகிறது. சரியா?
– மாணவர், ராயபுரம்

பதில்: நல்ல இடம், காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஜனவரியில் கவனித்து ஏப்ரல் கடைசியில் சோதிக்கலாம் என்று திட்டம் போட்டால், அப்போது படகு கரையில் நிற்கும். மார்ச்சுக்குள் சோதனையை முடியுங்கள், இல்லையென்றால் தடைக்காலத்தையே தலைப்பாக எடுங்கள். ஏலம் ஓடும்போது யாரையும் நிறுத்திக் கேட்காதீர்கள். அந்த நேரம் அவர்களுக்குப் பணம். மருத்துவமனையை எடுக்கும் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை: நோயாளிகளிடம் பேச முறையான அனுமதி வேண்டும், அது வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடலாம்.

கேள்வி: குழு வேலையில் இருவர் உழைக்க, மூவர் ஓசியில் மார்க் வாங்குகிறார்கள். மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது?
– ஆசிரியை, பெரம்பூர்

பதில்: நூற்றில் கவனிப்பு நோட்டுக்கு 30, அது தனித்தனி. ப்ளூபிரின்ட்டுக்கு 20, சோதனைக்கு 25, வரவுசெலவுக்கு 10, இவை குழுவுக்கு. வாய்மொழித் தேர்வுக்கு 15, மறுபடி தனி. வாய்மொழியில் ப்ளூபிரின்ட்டிலிருந்து ஒரு ஒட்டுத்தாளை உருவி எடுத்து, ‘இந்தப் படி இல்லாவிட்டால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். கடைக்குப் போகாதவர் அங்கே மாட்டிக்கொள்வார். சோதனை தோற்றால் மார்க் குறைக்காதீர்கள்; குறைத்தால் அடுத்த வருடம் எல்லா நோட்டிலும் 20-க்கு 20 வாடிக்கையாளரும் திருப்தி என்றுதான் எழுதியிருக்கும்.