கேளுங்க டீச்சர்: மழை நாளில் எத்தனை அடி?

கேள்வி: டீச்சர், எனக்கு 52 வயசு. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுதேன். சுகர் இருக்கு, தினமும் நடக்கணும்னு டாக்டர் சொல்லியாச்சு. மஸ்கட்டில் இருக்கிற மகன் லீவுக்கு வரும்போது பெரிய ஸ்மார்ட் வாட்ச் கொண்டு வாறேன், அதுல சுகர்கூடப் பார்க்கலாம், தினம் 10,000 அடி எடுத்து வைக்கணும்னு சொல்லுதான். 3,000 ரூபாய்க்குள்ள கிடைக்கிற, கையில கட்டி நடையை எண்ணுற பேண்ட் போதும்னு எனக்குத் தோணுது. எதை வாங்கட்டும்?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: தம்பி, பேண்டே போதும். மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

முதலில் அந்த சுகர் பேச்சை விடுங்கள். ஊசி குத்தாமல் மணிக்கட்டிலேயே சுகர் பார்ப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் நம்பாதீர்கள் என்று அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கும் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படிப்பட்ட ஒன்றுக்குக்கூட அவர்கள் அனுமதி கொடுத்திருக்கவில்லை. தப்பான அளவை நம்பி மருந்தைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து. விரலில் குத்திப் பார்ப்பதும் லேபில் பார்ப்பதும்தான் உங்களுக்குக் கணக்கு.

நான் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபோது மகள் ஒரு பெரிய வாட்ச் தந்தாள். போன், வாட்ஸ்அப், பாட்டு எல்லாம் அதில் உண்டு. ஆனால் தினமும் ராத்திரி சார்ஜில் கிடக்கும். என் தூக்கத்தை அது ஒரு நாளும் பார்த்ததில்லை. பாதி நாள் அதைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டு அண்ணா ஸ்டேடியத்துக்கு நடக்கப் போயிருக்கிறேன். இப்போது கட்டியிருக்கும் பேண்டுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை, குளிக்கும் நேரத்தில் சார்ஜ் போட்டால் சரி. மற்ற நேரமெல்லாம் கையிலேயே கிடக்கிறது. கையில் கிடந்தால்தானே எண்ணும்?

உங்கள் தொழிலுக்கு ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பேண்ட் காலைப் பார்ப்பதில்லை, கையின் அசைவைத்தான் எண்ணுகிறது. கத்தி பிடிக்கும் கையில் கட்டினால் வெட்டுகிற வெட்டையும் அடியாகச் சேர்த்துவிடும். மற்றக் கையில் கட்டுங்கள். அந்தக் கையில் பால் வாளி தொங்கும்போது கை வீசாது, நடந்ததில் கொஞ்சம் விட்டும் போகும். அதற்காக வருத்தப்பட வேண்டாம். எப்போதும் ஒரே கையில் கட்டி, ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒப்பிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெட்டு உள்ள நாளில் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடக்கிறீர்கள், மறுபடி சிரட்டை சிரட்டையாகப் பால் எடுக்க நடக்கிறீர்கள். அன்றைக்கு உங்களுக்கு யாரும் நடை சொல்லித்தர வேண்டாம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டு வெட்டு நின்றால்? இலை உதிரும் காலத்தில் தோட்டத்துக்கு ஓய்வு விட்டால்? சோறு அதே அளவு, நடை மட்டும் வீட்டுக்கும் டீக்கடைக்குமாகச் சுருங்கிவிடும். சுகர் ஏறுவதற்கு அது போதும். உங்களுக்கு பேண்ட் வேண்டியது அந்த நாட்களுக்காகத்தான். வெட்டு நாளின் எண்ணையும் மழை நாளின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எவ்வளவு குறைகிறது என்று நீங்களே கண்டுகொள்வீர்கள். மழை நாளில் மூன்று வேளையும் சாப்பிட்டபின் வராந்தாவிலோ ஷீட் அடிக்கும் ஷெட்டிலோ 15 நிமிடம் நடங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சுகரை அந்த நடை நன்றாகவே பிடித்து நிறுத்தும்.

10,000 என்பது வைத்தியர்கள் அளந்து சொன்ன எண் இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவிக்கு ‘மான்போ-கெய்’ என்று பெயர். பத்தாயிரம் அடி எண்ணி என்று அர்த்தம். அந்தப் பெயர்தான் உலகமெல்லாம் பரவியது. அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்து நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், தினம் 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட மரண அபாயம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே மழை நாளில் 10,000 வரவில்லையே என்று மனம் விட வேண்டாம்.

வாங்கும்போது, எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதைக் காட்டும் ‘5 ஏடிஎம்’ (5 ATM) என்ற குறி போட்டிருக்கிறதா பாருங்கள், மழை தாங்கும். நாடித்துடிப்பை அது பச்சை வெளிச்சம் பாய்ச்சித்தான் பார்க்கிறது. பேண்டுக்கு அடியில் ரப்பர் பாலோ வியர்வை அழுக்கோ ஒட்டிக் காய்ந்தால் தப்பாகக் காட்டும், தோலும் அரிக்கும். தினமும் துடைத்துவிடுங்கள். பால் உறைய ஆசிட் கலக்கும்போது கழற்றி வையுங்கள்.

இதயத்துடிப்பு தாளம் தப்புகிறது என்று டாக்டர் சந்தேகப்பட்டால், ஈசிஜி உள்ள வாட்ச் வேண்டுமா என்று அவரிடம் கேளுங்கள். அது வேறு கதை.

பேண்ட் வந்ததும் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எண்ணை மட்டும் பால் கணக்கு நோட்டிலேயே எழுதி வையுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.